கடிவாளமும் போக்காடும்: ஆங்கில மரபுத்தொடர் கேள்வி பதில்

கேள்வி: 'ஃபார் ஆல் இன்டென்சிவ் பர்ப்பசஸ்' என்று கடிதத்தில் எழுதினேன். மேலாளர் சிரித்தார். ஏன்?

பதில்: அது 'ஃபார் ஆல் இன்டென்ட்ஸ் அண்ட் பர்ப்பசஸ்'. இரண்டு சொல்லுக்கும் நோக்கம் என்றே பொருள். ஒன்றையே இரண்டு சொல்லால் இறுக்கிக் கட்டுவது ஆங்கிலச் சட்டமொழியின் பழைய பழக்கம். எட்டாம் ஹென்றி காலத்துச் சட்டத்திலேயே இதன் மூலவடிவம் உண்டு. 'நடைமுறையில் பார்த்தால்' என்பது இன்றைய பொருள். 'இன்டென்சிவ்' மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே இருக்கட்டும்.

கேள்வி: 'ஃப்ரீ ரெயின்' கொடுப்பது என்கிறார்களே, அது மழையா, ஆட்சியா?

பதில்: இரண்டும் இல்லை, கடிவாள வார். அதைத் தளர்த்திப் பிடித்தால் குதிரை தன் போக்கில் போகும். மூன்று சொல்லுக்கும் ஒலி ஒன்றே. மன்னன் இஷ்டப்படி ஆள்வது என்று நினைத்தாலும் பொருள் ஓரளவு பொருந்திவிடுகிறது. அதனால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே ஆட்சிக்குரிய 'ஜி'யை நடுவில் போட்டுவிடுகிறார்கள். குதிரை தெருவைவிட்டுப் போய்விட்டது, வார் யாருக்கு நினைவிருக்கும்? 'டோ த லைன்' கதையும் இதுவே. கயிறு கட்டி இழுக்கும் வேலை அங்கே இல்லை. போட்ட கோட்டில் கால்விரல் ஒட்டி நிற்பது, அதாவது கட்டளைக்கு அடங்குவது.

கேள்வி: 'கேஸ் அண்ட் பாயின்ட்' சரியா?

பதில்: தவறு. 'கேஸ் இன் பாயின்ட்'.

கேள்வி: 'பெய்ட்டட் பிரெத்' என்பதில் தூண்டில் இரை எப்படி வந்தது?

பதில்: வரவே இல்லை. குறைத்தல் என்று பொருள்படும் 'அபேட்' தலையெழுத்தை இழந்து நிற்கிறது. மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருப்பது என்று கொள்ளுங்கள். ஷேக்ஸ்பியரின் ஷைலாக் இதைச் சொல்கிறான். இரைக்கு 'ஐ' உண்டு, இதற்கு இல்லை.

கேள்வி: ஐயா, என் மாணவன் 'ஸ்கேப்கோட்' என்பதை 'எஸ்கேப் கோட்' என்று எழுதினான். மதிப்பெண்ணைக் குறைக்கலாமா?

பதில்: அரை மதிப்பெண் குறையுங்கள், அதற்குமேல் மனம் வரவில்லை. பையன் வேரைத் தொட்டுவிட்டான். 1530இல் வெளியான தம் பைபிள் மொழிபெயர்ப்பில் வில்லியம் டின்டேல் இச்சொல்லைக் கையாண்டார். 'ஸ்கேப்' என்பது 'எஸ்கேப்' என்பதன் குறுக்கமே. ஊராரின் பாவத்தைச் சுமத்தி வனாந்தரத்துக்கு ஓட்டிவிடும் வெள்ளாடு அது. தமிழ் பைபிள் அதைப் 'போக்காடு' என்று அழகாகச் சொல்கிறது. நாம்தான் பேச்சில் 'பலிகடா' என்று மாற்றி, தப்பிப்போன ஆட்டை வெட்டிவிட்டோம்.