கூடவே வரும் டால்பின்கள்

கேள்வி: கடலில் டால்பின் பார்க்கப் படகில் போனால் அவையே ஓடிவந்து முன்னால் துள்ளிக்கொண்டு போகின்றன. பிடிக்கவில்லை என்றால் விலகிப் போய்விடாதா? சுற்றுலாப் படகால் கெடுதல் என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மைதான். நீங்கள் பார்த்ததும் உண்மை. ஓடும் படகு முன்னால் தள்ளுகிற அலையில் வாலை அதிகம் ஆட்டாமலே வழுக்கிக்கொண்டு போகலாம் என்பதால் டால்பின்களுக்கு அதில் ஆசை உண்டு. ஆனால் நாள் முழுக்க அவற்றுக்கு விளையாட்டு நேரமில்லை. இரை தேட வேண்டும், குட்டிக்குப் பால் கொடுக்க வேண்டும், தூங்கவும் வேண்டும்.

தூக்கம்தான் இதில் பெரிய விஷயம். ஹவாய் தீவுகளில் இருக்கும் ஸ்பின்னர் டால்பின்கள் இரவெல்லாம் ஆழ்கடலில் வேட்டையாடிவிட்டு, பகலில் கரையோரமாக மணல் தரையுள்ள குடாக்களுக்கு வந்து ஓய்வெடுக்கும். மூளையில் ஒரு பாதி தூங்க மறுபாதி விழித்திருக்கும், அதனால் தூங்கும்போதும் நெருக்கமாகச் சேர்ந்து மெதுவாக நீந்திக்கொண்டே, ஒன்றாக மேலே வந்து மூச்சுவிட்டு, ஒன்றாகவே முங்கும். படகில் இருப்பவர்களுக்கு அது நிதானமாக உலாத்துவது போலத்தான் தெரியும், உடனே கிட்டே போகச் சொல்வார்கள். கூட்டம் கலையும், தூக்கம் போகும். அப்படியும் அவை அங்கேயே இருப்பதற்குக் காரணம், பாதுகாப்பாகப் படுக்க அப்படிப்பட்ட குடாக்கள் நிறைய இல்லை என்பதுதான். அங்கே 50 கஜத்துக்குள், அதாவது சுமார் 45 மீட்டருக்குள், யாரும் நெருங்கக் கூடாது என்று அமெரிக்க அரசு 2021-ல் விதியே போட்டது.

விலகிப் போவதும் நடந்திருக்கிறது. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஷார்க் பே-யில் டால்பின் சுற்றுலா நடத்தியவர்கள் ஒருவரிலிருந்து இருவரானார்கள், அவ்வளவுதான். அந்தப் பகுதியில் டால்பின்கள் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைந்தன. 2006-ல் அந்த ஆய்வு வெளிவந்தது, இரண்டு உரிமங்களில் ஒன்றை அரசு நிறுத்தியது. தாங்க முடியாதவை போய்விட்ட பிறகு மிச்சமிருப்பவற்றைப் பார்த்து 'பழகிவிட்டன' என்று சொல்வது சரியில்லை என்பது என் கருத்து.

கேள்வி: தள்ளி நின்றால் போதுமா? சத்தம் ஒரு பிரச்சினையா?

பதில்: டால்பினுக்குக் கண்ணை விடக் காதுதான் முக்கியம். இரையைக் கண்டுபிடிப்பதும் தாயும் குட்டியும் ஒன்றையொன்று தேடிக்கொள்வதும் ஒலியால்தான். ஃபுளோரிடாவின் சரசோட்டா விரிகுடாவில் பகல் நேரத்தில் சராசரியாக ஆறு நிமிடத்துக்கு ஒரு படகு ஒரு டால்பினின் 100 மீட்டருக்குள் கடந்து போவதாகக் கணக்கெடுத்தார்கள், படகு நெருங்க ஆரம்பிக்கும்போது அவை அதிகமாகச் சீழ்க்கை அடிப்பதையும் பதிவு செய்தார்கள். ஒரு படகு செய்வது சின்னத் தொந்தரவுதான். அது போனதும் அடுத்தது, அப்புறம் இன்னொன்று என்று வந்தால் இரை தேடவும் ஓய்வெடுக்கவும் நேரம் எங்கே மிஞ்சும்?

தூரத்தோடு, ஓட்டுகிற விதமும் முக்கியம். வேகத்தைக் குறைத்து, ஒரு பக்கமாக, அவை போகும் திசைக்கு இணையாகப் போகிற படகு பரவாயில்லை. துரத்துவது, குறுக்கே போய் மறிப்பது, கூட்டத்தின் நடுவே புகுவது, நாலு பக்கமும் படகுகள் சூழ்ந்துகொள்வது, இவைதான் மோசம். நீண்ட நேரம் முங்கியே இருந்தாலோ, அடிக்கடி திசை மாற்றினாலோ, வாலால் தண்ணீரை ஓங்கி அடித்தாலோ தயவுசெய்து விலகிவிடுங்கள். குட்டி இருந்தால் ஆரம்பத்திலேயே.

கேள்வி: மீன் போடலாமா?

பதில்: வேண்டாம். ஷார்க் பே-யிலேயே, மனிதர் கையால் மீன் வாங்கிப் பழகிய தாய்களின் குட்டிகள் மற்றவற்றை விட அதிகமாக இறந்தன. மீனுக்காகப் படகை நாடி வரும் டால்பினுக்கு ப்ரொப்பெல்லரில் அடிபடும் ஆபத்தும் அதிகம். 'மீன் போட்டு வரவழைக்கிறோம்' என்று சொல்லும் படகில் ஏறாதீர்கள்.