அண்ணாச்சியைக் கேளுங்கள்: நெட்டையன் பஞ்சாயத்து

முட்டிவலிக்கு எந்தத் தைலம் நல்லது, பத்தாம் வகுப்புப் பையனுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கிடைக்குமா என்று வழக்கமான கடிதங்கள் இந்த வாரமும் வந்திருக்கின்றன. அவற்றுக்கு அடுத்த இதழில் பதில் சொல்கிறேன். வள்ளியூரிலிருந்து வந்த ஒரு கடிதம் மற்ற எல்லாவற்றையும் ஓரம் தள்ளிவிட்டது. அதைப் பற்றி இரண்டு மூன்று பேரிடம் வாயைவிட்டேன், அவர்களும் ஆளுக்கொரு கேள்வியை அனுப்பிவிட்டார்கள்.

அண்ணாச்சி, என் மகனும் மருமகனும் மெல்போர்னில் இருக்கிறார்கள். ஆஸ்திரேலிய ரூல்ஸ் ஃபுட்பாலில் இரண்டு பேரும் ஒரே அணிக்குக் கொடி பிடிக்கிறவர்கள். அந்த அணியில் ‘ரக்மேன்’ என்று ஒரு நெட்டைப் பையன் இருக்கிறானாம். இந்த வருஷம் சரியாக ஆடவில்லை. அவனை உட்கார வைக்கணும் என்கிறான் மகன். கூடவே கூடாது என்கிறார் மருமகன். சனிக்கிழமை வீடியோ காலில் பேத்தியைப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தால் இந்தச் சண்டைதான் காதில் விழுகிறது. அந்தப் பையன் என்ன வேலைதான் பார்க்கிறான்? யார் சொல்வது சரி? அணியின் பெயரைப் போட்டுவிடாதீர்கள், மருமகன் உங்கள் பத்திரிகையைப் படிப்பார்.
— ஒரு வாசகி, வள்ளியூர்

தங்கச்சி, பெயரைப் போடவில்லை. முதலில் அவன் வேலையைச் சொல்லிவிடுகிறேன்.

2018இல் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது எம்.சி.ஜி. என்கிற மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்தில் இந்த ஆட்டத்தை இரண்டு தடவை பார்த்தேன். எம்.சி.ஜி. என்றால் நமக்குக் கிரிக்கெட்தான். அங்கே மார்ச் தொட்டு செப்டம்பர் கடைசிவரை இந்தக் கூத்துதான். கடற்புறாக்கள் ஒரு பக்கம் புல்லில் மேய்ந்துகொண்டிருக்கும், நடுவே பக்கத்துக்கு 18 பேர் ஓடிக்கொண்டிருப்பார்கள். மைதானம் நீள்வட்டம், பந்தும் நீள்வட்டம். முக்கால் விளைந்த பப்பாளிக்காய் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடுவில் உள்ள இரண்டுக்கும் இடையே உதைத்தால் 6 புள்ளி, ஓரத்துச் சந்தில் போனால் 1 புள்ளி. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடலாம், ஆனால் எறியக் கூடாது. ஒரு கையில் ஏந்தி மறு கை முஷ்டியால் குத்தித்தான் அடுத்தவனுக்குக் கொடுக்க வேண்டும்.

ஆட்டத்தை நாலாகப் பிரித்த ஒவ்வொரு கால்பகுதித் தொடக்கத்திலும், ஒவ்வொரு கோல் விழுந்த பிறகும் பந்து நடுவுக்கு வரும். முன்பெல்லாம் நடுவர் அதை ஓங்கித் தரையில் குத்தி எழுப்புவார். 2026 பருவத்திலிருந்து குத்துவதை விட்டுவிட்டு மேலே எறிகிறார்கள். அந்த நேரத்தில் நடுவிலிருக்கும் 50 மீட்டர் சதுரத்துக்குள் பக்கத்துக்கு நான்கு பேருக்குத்தான் அனுமதி. அந்த நாலு பேரில் நெட்டையானவன் ரக்மேன். எதிரணி நெட்டையனுக்கு முன்னால் எழும்பிப் பந்தைத் தட்ட வேண்டும். தட்டிய பந்து, கீழே சுற்றிக்கொண்டிருக்கும் தன் மிட்ஃபீல்டர்கள் மூன்று பேரில் ஒருவன் கையில் விழ வேண்டும். பந்து கோட்டுக்கு வெளியே போய், எல்லைக்கோட்டு நடுவர் தலைக்கு மேலாகப் பின்பக்கம் வீசி உள்ளே போடும்போதும் இதே வேலைதான். வாலிபால் பாஷையில் சொன்னால், வலைக்கு மேல் கையை நீட்டித் தடுக்கிற நடு பிளாக்கரின் உயரமும், அடிக்கிறவனுக்குப் பந்தை எடுத்துக் கொடுக்கிற செட்டரின் விரலும் ஒரே உடம்பில் இருக்க வேண்டும். அப்படி ஆள் கிடைப்பது லேசு இல்லை.

அடியும் பலமாக விழும். இரண்டு நெட்டையர்களும் தூரத்திலிருந்து ஓடிவந்து முழங்காலோடு முழங்கால் மோதி லிகமென்ட் கெட்டுப்போவது பெருகியதால், 2005இல் நடுவில் 10 மீட்டர் வட்டம் போட்டு, அதற்குள்ளிருந்துதான் கிளம்பணும் என்று விதி கொண்டுவந்தார்கள்.

இனி சண்டைக்கு வருகிறேன். உங்கள் மருமகன் பிடித்திருக்கும் கட்சி பலமான கட்சி. நெட்டையர்கள் பிந்திக் காய்க்கிற பனை. மெல்போர்ன் அணியின் மேக்ஸ் கான் 208 சென்டிமீட்டர் உயரம். 2009இல் நடந்த வீரர் தேர்வில் 33 பேரை எடுத்த பிறகுதான் அவரைக் கூப்பிட்டார்கள். முழங்கால் அறுவைச் சிகிச்சை, சிகரெட் பழக்கம், ஒழுங்காகப் பயிற்சி எடுக்கவில்லை என்ற பேச்சு என்று ஆரம்ப வருஷங்கள் வீணாகப் போயின. அந்த நாட்களில் அவரைத் துரத்திவிட்டிருந்தால் யாரும் கண்ணீர் விட்டிருக்க மாட்டார்கள். எல்லா அணிகளிலிருந்தும் பொறுக்கி வருஷா வருஷம் அறிவிக்கிற நாட்டின் சிறந்த அணிப் பட்டியலில் 2016இல்தான் முதல் தடவையாக இடம்பிடித்தார். 2021இல் அரையிறுதிக்குச் சமமான ஆட்டத்தில் ஜீலாங் அணிக்கு எதிராக ஐந்து கோல் போட்டார். அடுத்த ஆட்டத்தில் கேப்டனாகக் கோப்பையைத் தூக்கினார். அந்த அணிக்கு 1964க்குப் பிறகு கிடைத்த முதல் கோப்பை அது. மருமகன் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

ஆனாலும் என் ஓட்டு உங்கள் மகனுக்கு. அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய துண்டு வீடியோக்களைக் கரண்ட் போய் வந்து போய் வந்து மூன்று நாளாகப் பார்த்தேன். பையன் எழும்புகிறான், தட்டவும் தட்டுகிறான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தரையில் கால் ஊன்றிய பிறகு நடப்பதுதான் பிரச்சினை. தட்டியாயிற்று, சம்பளம் முடிந்தது என்பதுபோல நின்றுவிடுகிறான். அவன் மேல் மோதிய எதிராளி நெட்டையன் அதற்குள் பத்தடி ஓடிப்போய் நாலாவது மிட்ஃபீல்டராக நிற்கிறான். நாலுக்கு மூன்று என்றால் பந்து யார் பக்கம் போகும்? இன்னொன்று, தன் அணிக்காரன் இடுக்கில் மாட்டிக்கொண்டு நீளமாக உதைக்கும்போது, கோட்டோரமாக ஓடிப்போய் அதைப் பிடிக்க வேண்டியவனும் ரக்மேன்தான். ஏழு தடவை ஓடிப் போகிறான், ஒரு தடவைதான் பிடிக்கிறான்.

இந்தக் கோளாறு பெஞ்சில் உட்கார்ந்தால் சரியாகாது. பெரிய ஆட்டத்தில் பத்துப் பத்து நிமிஷமாக ஆடினாலும் சரியாகாது. விக்டோரியாவில் வி.எஃப்.எல். என்று அடுத்த படி ஆட்டம் இருக்கிறது. அங்கே மூன்று நாலு வாரம் முழு ஆட்டமும் அவன் தலையில் கட்டி, தட்டிய பிறகு ஓடுவதை மட்டும் பார்க்கச் சொல்ல வேண்டும். மருமகனிடம் இதைத் ‘துரத்துவது’ என்று சொல்லாதீர்கள். நாற்றைப் பிடுங்கி வேறு வயலில் நடுவதுபோல என்று சொல்லுங்கள், அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

ஹிட்அவுட் எண்ணிக்கையில் அவன் எதிராளியைவிட முன்னால்தான் இருக்கிறான். கையில் கணக்கு இருக்கும்போது கண்ணை நம்பி எப்படித் தீர்ப்பு சொல்கிறீர்கள்?
— ராதாபுரம் பக்கத்துக்காரர், இப்போது மெல்போர்ன்

நீங்கள் அந்த மருமகனின் சேக்காளியாகத்தான் இருக்க வேண்டும். சரி, ஹிட்அவுட் என்பது ரக்மேன் தட்டிய தடவைகளின் கணக்கு. தட்டிய பந்து யார் கைக்குப் போயிற்று என்பது அதில் வராது. தன் ஆளுக்கு வாகாகப் போனவற்றை அங்கேயே தனியாகவும் எண்ணுகிறார்கள், நீங்கள் அந்தப் பத்தியைப் பாருங்கள். பந்தல் வாசலில் நின்று வருகிறவர்களையெல்லாம் கும்பிட்டு வரவேற்கிறோம், அதில் எத்தனை பேர் மொய் எழுதினார்கள் என்று வேறு நோட்டுதானே சொல்லும்?

கோப்பை வாங்கிய அணியெல்லாம் சிறந்த ரக்மேனை வைத்திருந்தது என்றும் கிடையாது. 2017இல் ரிச்மண்ட் ஒரே ஒரு ரக்மேனை வைத்துக்கொண்டு, முன்வரிசையில் குட்டையான ஓட்டக்காரர்களை நிறுத்தி ஜெயித்தது. 2023 கதை இதைவிடச் சுவாரசியம். காலிங்வுட் அணி பிராடி கிரண்டி என்ற ரக்மேனுக்கு 2020இல் ஏழு வருஷ ஒப்பந்தம் போட்டது. இரண்டு வருஷம் கழித்து இந்தச் சம்பளம் கட்டுப்படியாகாது என்று, சம்பளத்தில் ஒரு பங்கைத் தானே கொடுப்பதாக ஒப்புக்கொண்டு, அவரை மெல்போர்ன் அணிக்கு அனுப்பிவிட்டது. அடுத்த வருஷமே கிரண்டி இல்லாமல் கோப்பையை வாங்கிவிட்டது, வித்தியாசம் நாலே புள்ளி.

மெல்போர்ன் அணியில்தான் ஏற்கெனவே மேக்ஸ் கான் இருக்கிறாரே! இரண்டு பெரிய நெட்டையர்களை ஒரே அணியில் ஆடவைத்துப் பார்த்தார்கள், ஒத்துவரவில்லை. கிரண்டி வி.எஃப்.எல்.லுக்கு இறங்கினார். வருஷக் கடைசியில் சிட்னிக்குப் போனார். 2024இல் அந்த சிட்னி அணியின் ரக்மேனாகவே இறுதி ஆட்டத்தில் நின்றார். தோற்றார்கள், அது வேறு. கிரண்டியின் கைத்திறமை அந்த வருஷங்களில் மாறிவிடவில்லை. சுற்றி நின்ற ஆட்கள்தான் மாறினார்கள். அதனால் உங்கள் மருமகன்... மன்னிக்கவும், உங்கள் நண்பர் சொல்வதிலும் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. அந்தப் பையனைக் கீழே அனுப்பும்போது, அவன் தட்டுகிற இடத்தில் அந்த மூன்று பேரும் ஒழுங்காக நிற்கிறார்களா என்றும் யாராவது பார்க்கட்டும்.

வள்ளியூர் அக்கா வீட்டுச் சண்டைக்கு இரண்டு பக்கமா? தென்காசியில் கபடிக்காரன் இல்லையா, கோவில்பட்டியில் ஹாக்கிக்காரன் இல்லையா?
— ஒரு வாசகர், தென்காசி

இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிக் கேள்வி அனுப்புங்கள்.

நான் பிளஸ் டூ படிக்கிறேன். ஆறடி மூன்று அங்குலம். வகுப்பில் ‘போஸ்ட் மரம்’ என்று கூப்பிடுகிறார்கள். ரக்மேன் ஆகலாமா?
— ஒரு மாணவர், அம்பாசமுத்திரம்

ஆஸ்திரேலியாவுக்குப் போக முதலில் பாஸ்போர்ட் வேண்டும் தம்பி. அதற்கு முன்னால் வாலிபாலுக்கோ கூடைப்பந்துக்கோ வாருங்கள். பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்கத்துக்குப் போய்ப் பயிற்சியாளரிடம் நேரே பேசுங்கள். அங்கே உங்களை மரம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், “இன்னும் ரெண்டு அங்குலம் இருந்தா நல்லாயிருக்கும்” என்றுதான் சொல்வார்கள். வீணாக நம்பிக்கை கொடுப்பதாக நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் கூடைப்பந்து ஆடிக்கொண்டிருந்த மேசன் காக்ஸ், 211 சென்டிமீட்டர், இருபது வயதுக்கு மேல்தான் இந்த ஆட்டத்தையே தொட்டார். மேலே சொன்ன 2023 கோப்பை அணியில் அவரும் இருந்தார். கயிறு தாண்டுங்கள். முட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள், சிமெண்டுத் தரையில் குதிக்காதீர்கள்.

அந்த நெட்டையனுக்குத் தீர்ப்பு சொல்வது இருக்கட்டும். உங்களையும் ஒரு காலத்தில் அணியிலிருந்து தூக்கினார்களே, அதை எழுதுவீர்களா?
— பழைய சேக்காளி, திசையன்விளை

பெயர் போடாவிட்டாலும் கையெழுத்து தெரிகிறதுவே.

எழுதுகிறேன். 1984 பொங்கல். தேரிக்காட்டு ஓரத்தில் ஒரு ஊரில் ராத்திரி வாலிபால் போட்டி. நாலு கம்பத்தில் டியூப் லைட், மைக்கில் ஒருவர் விடாமல் வர்ணனை, கோட்டுக்கு வெளியே சிவப்பு மண்ணில் ஜனம். நான் நடு பிளாக்கர். அப்போது ஆறடி இரண்டு அங்குலம், பட்டப்பெயர் ‘பனை’. சர்வீஸ் போடுகிற பக்கத்துக்குத்தான் பாயிண்ட் என்ற பழைய முறை. ஒரு செட் முடிய முக்கால் மணி நேரம்கூட ஆகும். காலிறுதியில் நான் தொட்ட பந்துகளை எண்ணினால் அணியில் நான்தான் முதல். ஒவ்வொரு தடவை தொட்டதும் கூட்டம் கத்தும், நான் வலையைப் பிடித்துக்கொண்டு நின்று அதைக் கேட்பேன். அரையிறுதிக்குப் பட்டியல் வாசித்தபோது என் பெயர் இல்லை. என்னைவிட நாலு அங்குலம் குட்டையான ஒருவனைப் போட்டிருந்தார்கள். கேப்டன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சுக்குக் காப்பி கிளாஸைத் தூக்கி எறிந்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன். பஸ் விடியற்காலைதான் என்றார்கள்.

வேறு வழியில்லாமல் ஸ்கோர் எழுதுகிறவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவருக்குத் தூக்கம். “கொஞ்சம் பாத்துக்கோ தம்பி” என்று ஒரு நாற்பது பக்க நோட்டைக் கையில் கொடுத்துவிட்டார். ஸ்கோர் எழுதினேன். அப்புறம் கோபத்தில், எனக்குப் பதிலாக ஆடுகிறவன் எத்தனை பந்தைத் தவறவிடுகிறான் என்று ஓரத்தில் கோடு போட ஆரம்பித்தேன். அவன் என்னைப்போலப் பாதிகூடத் தொடவில்லை. ஆனால் அவன் கையில் பட்ட பந்து நம் பக்கம் விழுந்தால், அதை எடுக்கவும் அவனே திரும்பி மண்ணில் விழுந்துகொண்டிருந்தான். ரெண்டாவது செட்டிலிருந்து அதற்கும் ஒரு கோடு போட்டேன். எங்கள் அணி ஜெயித்தது. இறுதி ஆட்டத்திலும் அவன்தான்.

அந்த நோட்டு இன்னும் பரணில் இருக்கிறது. முதல் எட்டுப் பக்கம் ஸ்கோர், மிச்சப் பக்கங்களில் வீட்டுக்காரி பால் கணக்கு எழுதியிருக்கிறாள்.