எனக்கு எதுக்குங்க 'ஆர்'?

கேள்வி: எட்டு வருஷமா ஜாவால பேக்எண்ட் வேலை பாக்குறேன். டேட்டா சயின்ஸ் பக்கம் போற ஐடியா சுத்தமா இல்ல. ஆனா டீம்ல ஒருத்தர் 'ஆர்'ங்கிற ப்ரோக்ராமிங் லாங்குவேஜைக் கத்துக்கோ, கத்துக்கோன்னு ஒரே நச்சரிப்பு. பைத்தானும் ஓரளவு தெரியும். அப்புறம் எதுக்கு இன்னொண்ணு?

பதில்: அவர் நச்சரிக்கிறதுல நியாயம் இருக்குங்க. நானும் இதே கேள்வியைக் கேட்டுட்டு ரெண்டு வருஷம் தள்ளிப்போட்டவன்தான். முன்னாடி வேலை பாத்த இடத்துல டாஷ்போர்டுல ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம் எப்பவும் 200 மில்லிசெகண்டுக்குள்ள பச்சையா நிக்கும், ஆனா சப்போர்ட்டுக்கு "சைட் தொங்குது"ன்னு கம்ப்ளெய்ன்ட் வந்துக்கிட்டே இருக்கும், நாங்களும் உங்க நெட் சரியில்லைங்கன்னு சொல்லி அனுப்பிக்கிட்டே இருந்தோம். ஒருநாள் கடுப்புல ஒரு நாள் லாக் முழுசையும் ஆர்ல ஏத்தி ஹிஸ்டோகிராம் (எவ்வளவு நேரத்துல எத்தனை ரிக்வெஸ்ட் முடிஞ்சுதுன்னு காட்டுற படம்) போட்டுப் பாத்தேன். மொத்தமே ரெண்டு வரிதான். படத்துல 100 மில்லிசெகண்ட் பக்கம் பெரிய மலை, ரொம்ப தூரம் வெறும் பொட்டல், அப்புறம் 10 செகண்ட் தாண்டின உடனே குட்டியா ஒரு மேடு. அதைப் பாத்ததுமே பொறி தட்டிருச்சு, ஏன்னா எங்க கனெக்‌ஷன் டைம்அவுட் சரியா 10 செகண்ட்! முன்கூட்டியே திறந்து வச்சிருக்கிற இணைப்புகளோட பூல்ல கனெக்‌ஷன் கிடைக்காம காத்திருந்து, டைம்அவுட் ஆகி, ரீட்ரைல போய்ச் சேந்த ரிக்வெஸ்ட்டுங்க அதெல்லாம்.

கணக்கு போட்டுப் பாருங்க. 99 ரிக்வெஸ்ட் 100 மில்லிசெகண்ட், ஒண்ணு மட்டும் 10 செகண்ட்னா ஆவரேஜ் 199 மில்லிசெகண்ட்தான் வரும். டாஷ்போர்டு பொய் சொல்லல, நாங்கதான் தப்பான கேள்வியைக் கேட்டுக்கிட்டு இருந்தோம்.

இதெல்லாம் பைத்தான்ல முடியாதான்னா தாராளமா முடியும். ஆனா அங்க நம்பை, பாண்டாஸ்னு லைப்ரரிகளா மேல ஒட்டவைக்கிற விஷயம் ஆர்ல அஸ்திவாரத்துலயே இருக்கு. 1976ல பெல் லேப்ஸ்ல ஜான் சேம்பர்ஸும் கூட இருந்தவங்களும் டேட்டாவை அலசறதுக்குன்னே 'எஸ்'னு ஒரு லாங்குவேஜ் ஆரம்பிச்சாங்க, அதோட வழியில நியூசிலாந்து ஆக்லாந்து யுனிவர்சிட்டில ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மேனும் 90கள்ல எழுதினதுதான் ஆர். ரெண்டு பேர் பேருமே 'ஆர்'ல ஆரம்பிக்குது பாருங்க! அங்க தனி நம்பர்னே ஒண்ணு கிடையாது, 5ன்னு எழுதினாலும் அது நீளம் 1 உள்ள வெக்டர், அதாவது ஒரே ஒரு நம்பர் இருக்கிற வரிசை. அதனால ஃபார் லூப் கையை விட்டே போயிடும், மொத்த குவியலையும் ஒரே பொருளா பாக்கப் பழகிடுவீங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்சது 'என்.ஏ.'ங்கிற மதிப்பு, அதாவது 'இந்த இடத்துல டேட்டா இல்ல'ங்கிற குறி. ஜாவால நல் (null, மதிப்பே இல்லாத நிலை) வந்தா ஒண்ணு வெடிக்கும், இல்லாட்டி யாராச்சும் நைசா அதை 0 ஆக்கிட்டுப் போயிடுவாங்க, ஆவரேஜ் சத்தமில்லாம கீழ இறங்கும். ஆர்ல குவியல்ல ஒரே ஒரு என்.ஏ. இருந்தாலும் ஆவரேஜ் கேட்டா பதிலும் என்.ஏ.தான். "எனக்கே ஒண்ணு தெரியல, எப்படிச் சொல்றது?"ங்கிற மாதிரி. விட்டுட்டுக் கணக்குப் போடுன்னு நீங்க வாயத் திறந்து சொல்லணும்.

ஏ/பி டெஸ்ட் (பழசைப் பாதி பேருக்கும் புதுசைப் பாதி பேருக்கும் காட்டி ஒப்பிடறது) பண்ற டீம்னா இன்னும் அவசியம். பழைய பட்டனை 1000 பேர்ல 50 பேர் அமுக்கினாங்க, புதுசை 1000 பேர்ல 60 பேர், உடனே "20 சதவீதம் வளர்ச்சி!"ன்னு ஸ்லைடு போட்டுருவாங்க. ஆர்ல ப்ராப்-டெஸ்ட்னு ஒரே வரி, பி-வேல்யூ சுமார் 0.38னு வரும். அதாவது ரெண்டு பட்டனும் ஒண்ணேன்னாலும் இந்த அளவு வித்தியாசம் சும்மாவே அடிக்கடி வரும். ஸ்லைடைக் கொஞ்சம் தள்ளிவைக்கலாம்.

கேள்வி: சரி, எது கடுப்பேத்தும்? அதையும் சொல்லிடுங்க.

பதில்: நிறைய இருக்கு! இண்டெக்ஸ் 1லேர்ந்து ஆரம்பிக்கும். நாலு நம்பர் வெக்டரோட ரெண்டு நம்பர் வெக்டரைக் கூட்டினா எரர் வராது, சின்னதைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கூட்டிட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி இருக்கும், ஒரு வார்னிங்கூட கிடையாது. டேட்டா முழுக்க ரேம்ல உக்காரும், அதனால 100 ஜிபி லாக்கை அப்படியே ஏத்தப் போகாதீங்க.

கேள்வி: அப்ப ப்ரொடக்‌ஷன் சர்வீஸே ஆர்ல எழுதலாமா?

பதில்: ஐயையோ, வேண்டாங்க. சர்வீஸ் ஜாவாலயே ஓடட்டும். நேத்து லாக்ல ஒரு சிஎஸ்வி எடுத்து ஹிஸ்டோகிராம் போட்டுப் பாருங்க, ரெண்டு மேடு இருந்தா எனக்கு எழுதுங்க.