விகாரையில் பெரியவர்கள் மட்டும்தானா?

கேள்வி: எனக்கு 24 வயது. சென்னையில் ஐடி வேலை. விபாசனா தியானப் பத்து நாள் முகாமுக்குப் போய் வந்ததிலிருந்து பௌத்தத்தில் ஈடுபாடு. தினமும் தனியாகத் தியானம் செய்கிறேன். துணைக்கு ஆள் வேண்டுமே என்று ஒரு விகாரைக்குப் போனேன். வந்திருந்தவர்கள் எல்லோரும் வயதானவர்கள். பாதி நேரம் சாதி, அரசியல் என்றே பேச்சு. திரும்பிவிட்டேன். என்னைப் போன்றவர்களை எங்கே தேடுவது?

பதில்: ஒரே ஒரு தடவை போயிருக்கிறீர்கள், இல்லையா? ஆள் கிடைக்கவில்லை என்கிறீர்கள். கிடைத்தார்கள் தம்பி, உங்களுக்குப் பிடித்த மாதிரி கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

சாதி பேசுகிறார்களே என்ற சலிப்புக்கு முதலில் வருகிறேன். 1898இல் சாதி எதிர்ப்புச் சிந்தனையாளர் அயோத்திதாசர் கொழும்புக்குப் போய்ப் பஞ்சசீலம் என்ற ஐந்து ஒழுக்க உறுதிகளை ஏற்றதும், திரும்பி வந்து இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கியதும் மூச்சைக் கவனிப்பதற்காக மட்டுமா? சாதி இழிவிலிருந்து வெளியேற அவர் கண்ட வழி அது. கோலார் தங்கவயல் சுரங்கத் தொழிலாளர்கள் வரை அது பரவியது. 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அம்பேத்கரோடு லட்சக்கணக்கானோர் பௌத்தத் தீட்சை பெற்றதும் அந்த வழியில்தான். உங்களுக்கு அரசியலாகக் கேட்டது அவர்களுக்கு வீட்டுக் கதை. சாதியை மறந்துவிட்டுக் கண்மூடி உட்கார எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

சில வருடங்களுக்கு முன் ஒரு பௌர்ணமி மாலை அப்படியொரு சின்ன விகாரையில் இருந்தேன். ரயில்வேயில் ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், பாலி மொழி வரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்த நாற்பது பக்க நோட்டைப் பிரித்து, "பாணாதிபாதா வேரமணி" என்று, உயிர்க்கொலை தவிர்க்கும் முதல் சீலத்தை ஆரம்பித்தார். மூன்றாவது சீலத்தில் நிறுத்தி, "அந்த ஃபேனைப் போடுப்பா" என்றார். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். அட்டை கிழிந்து பிளாஸ்திரி ஒட்டிய நோட்டு. அதை வாங்கிப் படிக்க அடுத்த ஆள் யாரும் அங்கே இல்லை.

இல்லறத்தார் கேட்க வேண்டிய சூத்திரம், அதாவது புத்தர் உரை, ஒன்று உண்டு. கோலியர் குலத்துத் தீகஜாணு என்பவர் புத்தரிடம் வந்து, "நாங்கள் பிள்ளைகுட்டியோடு வாழ்கிறவர்கள், காசிச் சந்தனம் பூசுகிறவர்கள், பொன்னும் வெள்ளியும் வைத்திருக்கிறவர்கள், எங்களுக்கு ஏற்றதைச் சொல்லுங்கள்" என்கிறார். புத்தர் சொன்ன நான்கில் ஒன்று நல்ல நட்பு, கல்யாணமித்ததா. ஊரில் இளைஞரோ முதியவரோ, சீலத்தில் முதிர்ந்தவர் யாரோ அவரோடு பழகு, பேசு, கேள் என்கிறார். வயதைப் பற்றிய உங்கள் சந்தேகத்துக்கு அவரே பதில் சொல்லிவிட்டார், எனக்கு வேலை மிச்சம்.

சரி, தியானத்துக்கும் துணை வேண்டும், அதை மறுக்கவில்லை. பத்து நாள் முகாம் முடித்தவர் நீங்கள். பழைய மாணவர்கள் சேர்ந்து உட்காரும் ஒரு மணி நேர அமர்வுகள் உண்டு, திருமுடிவாக்கம் விபாசனா மையத்தில் விசாரியுங்கள். ஆனால் அங்கே பெரும்பாலும் மௌனம்தான். உட்கார்ந்து எழுந்து வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். காய்ச்சலில் படுத்தால் கஞ்சி கொண்டுவருகிற உறவு வேண்டுமென்றால் எழும்பூர் கென்னட் லேன் மகாபோதி சங்கம், பெரம்பூர் விகாரை என்று நாலு இடம் ஏறி இறங்க வேண்டும்.

அடுத்த பௌர்ணமிக்குக் கொஞ்சம் முன்னதாகவே போங்கள். பாய் விரிக்க ஆள் தேவைப்படும். முடிந்த பிறகு டீ குடிக்கவும் இருங்கள், பேச்சு அப்போதுதான் ஆரம்பிக்கும். மூன்று மாதம் இப்படிப் போய்விட்டு மறுபடி எழுதுங்கள். அதற்குள் யாராவது உங்கள் கையில் ஒரு நோட்டைக் கொடுத்து, "கண்ணு தெரியல, நீ படி தம்பி" என்றிருப்பார்.