வரிசையில் நின்ற டெய்லர்

கேள்வி: எனக்கு 61 வயது. திருப்பூரில் ஆறு மெஷின்களோடு நான் தொடங்கிய பனியன் கம்பெனி இன்று பெரிய ஏற்றுமதி நிறுவனம். சொத்தில் மூன்றில் ஒரு பங்கை அம்மா பெயரில் அறக்கட்டளைக்கு எழுதிவைக்க விரும்புகிறேன். ‘பணக்காரனாகச் சாவது அவமானம்’ என்று அமெரிக்க எஃகு அதிபர் கார்னகி எழுதியதை நம்புகிறவன் நான். என் இரண்டு மகன்களும் எதிர்க்கிறார்கள். தை மாதம் பெரிய பந்தல் போட்டு இலவசக் கண் முகாம் நடத்தினோம். 22 வருடம் எங்களிடம் பீஸ் ரேட்டில் (தைத்த உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலியில்) வேலை பார்த்து, பார்வை மங்கியதால் நின்றுவிட்ட ஓவர்லாக் டெய்லர் ஒருவர் டோக்கனோடு வரிசையில் நின்றார். “வணக்கம் முதலாளி” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்தும் மகன்கள் மனம் இரங்கவில்லை. எப்படிப் புரியவைப்பது?

பதில்: மகன்களைப் பிறகு பார்ப்போம். அந்த டெய்லர் ஏன் உங்கள் முகாமில் வரிசையில் நின்றார்?

22 வருடம் உங்கள் துணியின் ஓரத்தையே உற்றுப் பார்த்த கண்கள் அவை. அவர் வேலையை விட்டுப் போன அன்று கையில் என்ன கொடுத்தீர்கள்? பந்தலைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், கார்னகியைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், இதைப் பற்றி ஒரு வரி இல்லை. பீஸ் ரேட் ஆளுக்குக் கணக்கு கிடையாது என்று சொல்லிவிடாதீர்கள். இந்தப் பதிலைப் பல முதலாளிகளிடம் கேட்டுச் சலித்துவிட்டேன். 1972-ஆம் ஆண்டின் பணிக்கொடைச் (கிராஜுவிட்டி) சட்டம் பீஸ் ரேட் தொழிலாளியையும் சேர்த்தே எழுதப்பட்டது. கடைசி மூன்று மாதக் கூலியின் சராசரியில் ஒரு நாள் கூலி எவ்வளவு என்று பார்த்து, வேலை செய்த ஒவ்வொரு ஆண்டுக்கும் 15 நாள் கூலி கொடுக்க வேண்டும். நாளுக்கு 700 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 22 ஆண்டுக்கு 2,31,000 ரூபாய். தாமதித்த காலத்துக்கு வட்டி தனி.

அவர் பெயரில் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்குப் பணம் கட்டினீர்களா? கட்டியிருந்தால் கண் மங்கத் தொடங்கியபோதே இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் காட்டியிருப்பார். ஐந்து ஆண்டுக்குக் குறையாமல் அதில் இருந்து ஓய்வு வயதில் விலகியவர், ஆண்டுக்கு 120 ரூபாய் செலுத்தினால் அவருக்கும் மனைவிக்கும் தொடர்ந்து மருத்துவம் கிடைக்கும். உரிமையோடு போய் நின்றிருக்க வேண்டிய மனிதரை உங்கள் டோக்கனுக்குக் காத்திருக்க வைத்திருக்கிறீர்கள். கண் கலங்கியதாக எழுதுகிறீர்கள். எனக்கு வந்தது கோபம்.

கார்னகியை நீங்களே அழைத்து வந்ததால் சொல்கிறேன். அந்த வரியை அவர் எழுதியது 1889-இல். மூன்றே ஆண்டில், 1892-இல், ஹோம்ஸ்டெட் எஃகு ஆலையில் கூலிக் குறைப்பை எதிர்த்த தொழிலாளர்களை அவருடைய நிர்வாகம் வெளியே நிறுத்திக் கதவைப் பூட்டியது. கூலிப்படை இறங்கியது, உயிர்கள் போயின, சங்கம் உடைந்தது. 1898-இல் அந்த ஊருக்கே அழகான நூலகம் கட்டிக் கொடுத்தார். பன்னிரண்டு மணி நேரம் உலையருகே வெந்தவன் எந்த நேரத்தில் போய்ப் புத்தகம் விரிப்பான்? உலகெங்கும் 2,500-க்கு மேற்பட்ட நூலகங்கள் அவர் பணத்தில் எழுந்தன. அவற்றால் படித்தவர்கள் ஏராளம், மறுக்கவில்லை. ஆனால் ஹோம்ஸ்டெட்டின் பாக்கியை எந்த நூலகமும் தீர்க்கவில்லை.

இனி மகன்கள். அவர்களுக்காகச் சொத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். படிக்க வைத்துத் தொழிலையும் கையில் கொடுத்த பிறகு மூன்றில் இரண்டு பங்கே அதிகம். ஆனால் அவர்கள் மனம் இரங்கவில்லை என்று குறைப்படுகிறீர்களே, எங்கே கற்றார்கள்? உங்கள் மேஜையருகே நின்றுதான். ஆளுக்குக் கொடுக்காமல் மிச்சம் பிடிப்பதுதான் சாமர்த்தியம் என்று வருடக்கணக்கில் பார்த்தவர்கள், இன்று அதே கணக்கை உங்களிடம் பேசுகிறார்கள்.

உங்களுக்குப் பக்கத்திலேயே கோவையில் பீளமேடு இருக்கிறது. கோவிந்தசாமி நாயுடு குடும்பத்தில் சொத்தை ஐந்தாகப் பிரித்தார்கள். நான்கு மகன்களுக்கு நான்கு பங்கு, அறத்துக்கு ஐந்தாவது. 1926-இல் பி.எஸ்.ஜி. அறநிலையத்தை நிறுவியவர்கள் அந்த மகன்களே. அப்பா தர்மம் செய்வதைப் பிள்ளைகள் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கவில்லை, அவர்கள் கையும் அதில் பட்டது.

அறக்கட்டளைப் பத்திரத்தை இப்போதைக்கு அப்படியே வையுங்கள். முதலில் இரண்டு மகன்களையும் அழைத்துக்கொண்டு அந்த டெய்லர் வீட்டுக்குப் போங்கள். ஆள் அனுப்பாதீர்கள், புகைப்படம் வேண்டாம். கணக்கை அவர் எதிரில் பெரியவனைப் படிக்கச் சொல்லி, காசோலையைச் சின்னவன் கையால் கொடுக்கச் சொல்லுங்கள். உதவி என்ற சொல் யார் வாயிலிருந்தும் வரக்கூடாது.

பழைய கூலி நோட்டுகளை இன்றே வெளியே எடுக்கச் சொல்லுங்கள். இப்படிப் போனவர் அவர் ஒருவர்தானா என்பதும் அதில் தெரிந்துவிடும்.