நெஞ்சோடு கட்டும் ஷாக் மெஷின்: கேட்டவையும் சொன்னவையும்

நாகர்கோவிலில் இருந்துகொண்டு இருபது வருஷத்துக்கும் மேலாக ஆஸ்பத்திரி டிஃபிப்ரிலேட்டர்களையும் (தறிகெட்ட இதயத் துடிப்பை ஷாக் கொடுத்து நேராக்கும் மெஷின்) மானிட்டர்களையும் சர்வீஸ் செய்து வருகிறேன். உடம்பில் அணிந்துகொள்ளும் டிஃபிப்ரிலேட்டரைப் பற்றி நான் பேசியதைக் கேட்டவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. சிகிச்சை விஷயத்தில் உங்கள் டாக்டர் சொல்வதுதான் முடிவு. மெஷின் எப்படி வேலை செய்கிறது என்பதை நான் சொல்கிறேன்.

முட்டத்திலிருந்து ஒரு தங்கச்சி: அண்ணே, எனக்க அப்பாவுக்கு அட்டாக் வந்து ஸ்டென்ட் வச்சாச்சு. பம்பிங் 30 சதவீதம்தான் இருக்காம். உள்ளே வைக்கிற ஷாக் மெஷின் இப்ப வேண்டாம், மூணு மாசம் போகட்டும்னு டாக்டர் சொல்லியாரு. ஆபத்துன்னா உடனே வைக்க வேண்டியதுதானே?

டாக்டர் சொல்வதில் காரணம் இருக்கிறது, தங்கச்சி. அட்டாக்கில் அடிபட்ட தசை கொஞ்சம் கொஞ்சமாகத் தேறும். பம்பிங், அதாவது இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடம் உள்ள ரத்தத்தில் வெளியே தள்ளும் பங்கு, 35 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் பலருக்கு உள்ளே வைக்கும் மெஷினே தேவைப்படாது. அட்டாக் வந்த முதல் 40 நாளுக்குள் அதை வைத்தால் மொத்த மரணம் குறையவில்லை என்று 2004-ல் வெளிவந்த டைனமிட் ஆய்வும் காட்டியது. ஆனால் துடிப்பு திடீரென்று தறிகெட்டுப் போகும் பயம் அதிகமாக இருப்பதும் இதே நாட்களில்தான். இந்த இடைவெளிக்கென்று செய்ததுதான் அணியும் டிஃபிப்ரிலேட்டர். லைஃப்வெஸ்ட் என்ற கருவிக்கு அமெரிக்காவில் 2001 டிசம்பரில் அனுமதி கிடைத்தது. சட்டைக்குள் ஒரு பனியன் மாதிரி இருக்கும். நெஞ்சைச் சுற்றி ஈசிஜி பார்க்க நாலு எலக்ட்ரோடு, ஷாக் கொடுக்க முதுகில் இரண்டும் முன்னால் ஒன்றுமாக மூன்று தகடு, இடுப்பில் ஒரு பெட்டி. அப்பாவுக்கு அது தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். இதைக் கட்டிக்கொண்டு கடலுக்குப் போக முடியாது. நனையக் கூடாத சாமான் அது.

நாகர்கோவில் இன்ஜினியரிங் மாணவர்: இடுப்புப் பெட்டியில் இருக்கும் சின்ன பேட்டரிக்கு அவ்வளவு பெரிய ஷாக் கொடுக்கும் சக்தி எப்படி வருகிறது சார்?

தம்பி, கணக்குப் போட்டுப் பார்த்தால் சக்தி அவ்வளவு பெரிதில்லை. ஒரு ஷாக் 150 ஜூல். கையிலுள்ள 5000 மில்லிஆம்பியர்-அவர் மொபைல் பேட்டரியில் ஏறக்குறைய 66,000 ஜூல் இருக்கிறது. கஷ்டம் வேகத்தில் இருக்கிறது. அந்த 150 ஜூலும் ஏறக்குறைய 10 மில்லிசெகண்டில் நெஞ்சைக் கடக்க வேண்டும். அப்படியென்றால் சராசரி 15 கிலோவாட். 750 வாட் மிக்ஸி இருபதை ஒரே நேரத்தில் ஓட்டுகிற அளவு! எந்தப் பேட்டரியும் அதை நேராகக் கொடுக்காது. அதனால் கெப்பாசிட்டரில், அதாவது மின்சாரத்தை மெதுவாகச் சேர்த்து வைத்து ஒரே வீச்சில் விடும் பாகத்தில், சேர்த்து வைக்கிறோம். 140 மைக்ரோஃபாரட் என்று வைத்துக்கொண்டால் அரை சி வி ஸ்கொயர் சூத்திரப்படி கிட்டத்தட்ட 1460 வோல்ட் வரும். பத்து செகண்டில் நிரப்பப் பேட்டரி பக்கத்திலிருந்து 15 வாட் போதும், ஒரு போன் சார்ஜர் அளவுதான். நிரம்பியதும் ஒரு திசையில் விட்டு, பாதியில் திசையை மாற்றி மிச்சத்தை விடுவார்கள். இப்படிச் செய்தால் குறைந்த சக்தியிலேயே துடிப்பு நேராகிறது.

இன்னொன்று. ஆஸ்பத்திரியில் நாங்கள் கையால் ஜெல் தடவுகிறோம். மயங்கி விழுந்தவருக்கு யார் தடவுவது? தகட்டுக்குள்ளேயே ஜெல் பைகள் இருக்கும். ஷாக்குக்குச் சற்று முன் அவை தானாக உடைந்து தோலை நனைக்கும். இந்த வேலைப்பாட்டை முதலில் பார்த்தபோது நெடுநேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குலசேகரத்திலிருந்து ஒரு அக்கா: எனக்க வீட்டுக்காரர் ரப்பர் பால்வெட்டுக்குப் போறவரு. மரத்துக்கு மரம் குனிஞ்சு நிமிந்து நடக்கும்போ அது தப்பா நெனச்சு ஷாக் அடிச்சிராதா?

அக்கா, இந்தப் பயத்துக்குப் பதில் தேடித்தான் மெஷினின் பாதி மூளை செலவாகிறது. வேலை செய்யும்போது எலக்ட்ரோடு தோலில் உரசினால் ஈசிஜியில் தாறுமாறாகக் கோடு விழும், ஆபத்தான துடிப்பு மாதிரியே தெரியும். அதனால் முன்பின்னாக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று இரண்டு கோணத்தில் பார்க்கும். வேகம் மட்டும் போதாது, அலையின் வடிவத்தையும் அவருடைய வழக்கமான துடிப்போடு ஒப்பிடும். பிறகும் சந்தேகம் தீராவிட்டால் மனுஷரிடமே கேட்கும். முதலில் அதிரும், பிறகு சத்தமாக அலறும். நினைவோடு இருப்பவர் இரண்டு பட்டனையும் சேர்த்து அமுக்கிப் பிடித்தால் ஷாக் நிற்கும். உண்மையிலேயே இதயம் நின்றவர் சில செகண்டில் மயங்கிவிடுவார், அவரால் அமுக்க முடியாது. அமுக்க முடிகிறதா என்பதே அங்கே பரிசோதனை.

அதனால் அக்கா, அவர் மயங்கிக் கிடக்கும்போது நீங்களோ பிள்ளைகளோ அந்தப் பட்டனை அமுக்கவே கூடாது. சத்தத்தை நிறுத்தத்தான் கை போகும். அவருக்கு வரவேண்டிய ஷாக்கை நீங்களே தடுத்ததாக ஆகிவிடும். வீட்டில் எல்லாரிடமும் சொல்லி வையுங்கள்.

கொளச்சல்: ஷாக் அடிக்கும்போது தொட்டால் நமக்கும் அடிக்குமா?

அடிக்கும். விலகச் சொல்லி மெஷினே குரல் கொடுக்கும். ஷாக் முடிந்தும் அசைவும் மூச்சும் இல்லையென்றால், மெஷின் விலகச் சொல்லாத நேரத்தில், 108-க்குச் சொல்லிவிட்டு நடுநெஞ்சை நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள்.

தேங்காப்பட்டணம்: ஒக்கி புயல் மாதிரி நாள்கணக்கில் கரண்ட் இல்லேன்னா?

இரண்டு பேட்டரி தருவார்கள். ஒன்று உடம்பில், ஒன்று சார்ஜில், ஒவ்வொன்றும் ஒரு நாள் ஓடும். 2017-ல் நாம் பட்டதை நினைத்தால் அது போதாது. இன்வெர்ட்டர் இருக்கிற வீட்டை முன்கூட்டியே பார்த்து வையுங்கள். மழைக்காலத்தில் மாற்றுப் பேட்டரி எப்போதும் நிரம்பியே இருக்கட்டும்.

தக்கலையிலிருந்து ஒரு நர்ஸ் சகோதரி: ஆய்வில் இது உயிர் காப்பாற்றியதாக நிரூபணம் ஆகவில்லை என்று படித்தேன். சரியா?

சரிதான் சகோதரி. 2018-ல் வந்த வெஸ்ட் ஆய்வில் 2302 பேர், 90 நாள். துடிப்புக் கோளாறால் வந்த மரணம் மெஷின் கொடுக்கப்பட்ட குழுவில் 1.6 சதவீதம், கொடுக்கப்படாத குழுவில் 2.4. இந்த வித்தியாசத்தைத் தற்செயல் இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் அதே ஆய்வில் இன்னொரு எண் இருக்கிறது. மெஷின் கொடுக்கப்பட்ட குழுவில் இறந்த 48 பேரில், இறக்கும்போது அதை அணிந்திருந்தவர்கள் 12 பேர்தான். ஒரு இன்ஜினியராக என்னை உறங்கவிடாத எண் இது. கழற்றி வைத்த மெஷினில் எத்தனை வோல்ட் இருந்து என்ன பயன்?

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு டெய்லர் அண்ணாச்சி: இதுல துணிக்கு என்ன வேலை?

அண்ணாச்சி, உங்கள் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். ஆட்கள் கழற்றி வைப்பது துணியால்தான். வியர்வை, அரிப்பு, படுத்தால் முதுகில் தகடு உறுத்தல். ஒட்டும் ஈசிஜி பேட்ச் மாதக்கணக்கில் தோலைப் புண்ணாக்கும் என்று இதில் ஒட்டாத, உலர்ந்த எலக்ட்ரோடு வைத்தார்கள். ஒட்டாததைத் தோலோடு பிடித்து வைக்க வேண்டியது துணி. தளர்ந்தால் உரசித் தப்பான அலாரம் வரும், இறுக்கினால் மூச்சு முட்டும். பெண்களுக்கு மார்புக்குக் கீழே பட்டை சுருண்டுகொள்ளும். நம்முடைய பங்குனி, சித்திரைப் புழுக்கத்தில் இதை 24 மணி நேரமும் போட்டிருப்பவரை நினைத்துப் பாருங்கள்.

எனக்கு உங்களிடமிருந்து தெரிய வேண்டியது இது. தினமும் துவைத்தாலும் இழுவை போகாத எலாஸ்டிக் எது? வியர்வையில் உடம்போடு ஒட்டாத பருத்தி நெசவு எது? முதுகுத் தகட்டுக்குப் பை தைத்தால் தையல் விளிம்பு தோலில் படாமல் எந்தப் பக்கம் மடிப்பீர்கள்? ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வருகிறேன். இரண்டு மூன்று துணித் துண்டு எடுத்து வையுங்கள்.