பிஆர்டியூ எண்ணிக்கை ஒத்துப்போகாதது: ஊசி போட்ட நேரத்தைக் கவனியுங்கள்

வணக்கம். ஒரே வயதும் இனமும் கொண்ட சுண்டெலிகளுக்குப் பிஆர்டியூ (பிரியவிருக்கும் செல்களின் டிஎன்ஏவில் சேர்ந்து அவற்றை அடையாளம் காட்டும் வேதிப்பொருள்) ஊசி போட்டு, ஹிப்போகேம்பஸ் என்ற மூளையின் நினைவுப் பகுதியில் அதை ஏற்ற செல்களை எண்ணியபோது இரண்டு தொகுதிகளும் ஒத்துவரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். ஒரு தொகுதிக்குக் காலையிலும் மற்றதற்கு விளக்கணைந்த பிறகும் ஊசி போட்டதாகப் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்களே, என் சந்தேகம் அங்கேதான் விழுகிறது.

பிஆர்டியூ உடலில் ஏறத்தாழ 2 மணி நேரமே பயன்படும் என்பதால், அந்த இடைவெளியில் டிஎன்ஏவை நகலெடுக்கும் செல்கள் மட்டுமே அடையாளம் பெறும். புதிய நரம்புச் செல்களாக மாறும் முன்னோடி செல்கள் பிரிவதை நிறுத்தி விலகும் தருணத்தை உடற்கடிகார மரபணுக்களும் நெறிப்படுத்துகின்றன என்பதால், நேரம் மாறினால் எண்ணிக்கையும் மாறக்கூடும். போதாக்குறைக்கு, செல் பிரிவைப் பாதிக்கக்கூடிய மன அழுத்த ஹார்மோனான கார்டிகோஸ்டிரோன் சுண்டெலிக்கு உச்சமடைவதும் இருள் தொடங்கும் வேளையில்தான்.

ஆகவே சுவர்க்கடிகாரத்தை விட்டுவிட்டு, கூண்டின் விளக்கு எரியத் தொடங்கியதிலிருந்து மணியைக் கணக்கிட்டு எழுதுங்கள். இருட்டில் ஊசி போடும்போது மங்கிய சிவப்பு விளக்கே போதும். வெள்ளொளி சில நிமிடங்கள் பட்டாலும் சுண்டெலியின் உடற்கடிகாரம் நகர்ந்துவிடலாம். (ஹாம்ஸ்டர்களின் ஒளிச்சுழற்சியை 3 நாளுக்கொருமுறை 6 மணி நேரம் முன்னகர்த்திய 2010ஆம் ஆண்டு ஆய்வில், புதிய நரம்புச் செல்கள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தன.)

மிச்சமிருக்கும் திசுவெட்டுகளில் கேஐ-67க்கு (பிரிந்துகொண்டிருக்கும் செல்களில் காணப்படும் புரதம்) சாயமிட்டுப் பாருங்கள். அது ஊசி நேரத்தைச் சாராது. மூளையை எடுத்த நேரத்தையே காட்டும். இரு தொகுதிகளிலும் மூளையை ஒரே வேளையில் எடுத்திருந்து, கேஐ-67 எண்ணிக்கை ஒத்துவந்தால், ஊசி நேரத்தின் மீதான சந்தேகம் வலுக்கும்.